90களின் சிறந்த அமெரிக்க ராக் பேண்ட் எது? எல்லோரும் நிர்வாணா என்கிறார்களே, சரிதானா?

என் பதில் சியாட்டில் நகரத்து சவுண்ட்கார்டன். நிர்வாணா ரசிகர்கள் அடிக்க வருவார்கள் என்று தெரியும். காரணத்தைக் கேட்டுவிட்டு அடிக்கட்டும்.

முதலில் ஆட்டத்தில் யார் யார் என்று பார்த்துவிடலாம். இந்தச் சண்டை எங்கே நடந்தாலும் பத்து நிமிடத்தில் ஒருவர் ரேடியோஹெட், ஒயேசிஸ் என்று ஆரம்பிப்பார். இரண்டும் இங்கிலாந்து. புஷ் கேட்பதற்கு அச்சு அசல் சியாட்டில் மாதிரி இருக்கும், ஆனால் லண்டன்காரர்கள். சில்வர்சேர் ஆஸ்திரேலியா, க்ரான்பெரிஸ் அயர்லாந்து. மெட்டாலிகாவையும் ஆர்.இ.எம்.மையும் நான் சேர்க்கவில்லை. 80களிலேயே அவர்கள் யார் என்பது தீர்மானமாகிவிட்டது. ஆர்.இ.எம். விஷயத்தில் இது கொஞ்சம் அநியாயம்தான், 1992இல் வந்த 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' சாதாரண ஆல்பம் இல்லை. சவுண்ட்கார்டனும் 1984இல் தொடங்கியதுதானே என்று மடக்கலாம். தொடங்கியது 84, ஆளானது 1991இல் 'பேட்மோட்டர்ஃபிங்கர்' வந்தபோது.

விற்பனைக் கணக்கைக் கொண்டுவராதீர்கள். அப்படிப் பார்த்தால் 1994இல் வந்த ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ்ஷின் முதல் ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 2 கோடிப் பிரதிகளைத் தாண்டிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறது. அவர்களைச் சிறந்த பேண்ட் என்று சொல்ல ஒரு ஆளைக் காட்டுங்கள். தரவரிசைக் கதையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1991 மே மாதம்தான் பில்போர்ட் பத்திரிகை ஆல்பம் பட்டியலுக்கு சவுண்ட்ஸ்கேன் முறையை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு கடைக்காரர்கள் 'இது நன்றாகப் போகிறது' என்று சொன்னதே கணக்கு. அதன் பிறகு பார்கோடு ஸ்கேன் ஆன விற்பனையே கணக்கு. கடைக்காரர் வாயில் அதிகம் வராத மெட்டல், ராப், கன்ட்ரி எல்லாம் திடீரென்று மேலே ஏறின. 1992 ஜனவரியில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்'ஸைத் தள்ளி முதலிடம் பிடித்ததைப் புரட்சி என்பார்கள். புரட்சிதான், ஆனால் எண்ணும் முறை மாறியதற்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது கேள்வியில் இருக்கும் 'பேண்ட்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். சிறந்த ஆல்பம் எது என்று கேட்டிருந்தால் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் 'சயாமீஸ் ட்ரீம்' (1993) கடைசிச் சுற்று வரை வரும். ஆனால் அதில் கிட்டார், பேஸ் இரண்டிலும் பெரும்பகுதியைப் பாடகர் பில்லி கார்கன் ஒருவரே வாசித்துப் பதிவு செய்தார். ஜிம்மி சேம்பர்லினின் டிரம்ஸைத் தவிர்த்துப் பார்த்தால் அது ஒற்றை ஆள் வேலை. பேர்ல் ஜாமின் சிக்கல் வேறு மாதிரி. அந்தப் பத்து ஆண்டுகளில் அவர்கள் நாற்காலியில் ஐந்து டிரம்மர்கள் உட்கார்ந்து எழுந்தார்கள். டிக்கெட் விற்பனை நிறுவனமான டிக்கெட்மாஸ்டரை எதிர்த்து 1994இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்ன துணிச்சலுக்கு என் வணக்கம். அதற்கு இசையில் மதிப்பெண் தர முடியாது. ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் மேடையில் யாரையும் ஊதித் தள்ளிவிடும், ஆனால் முதல் ஆல்பத்தைக் கேட்டவருக்கு அடுத்த இரண்டில் பெரிய ஆச்சரியம் காத்திருக்காது.

நிர்வாணா. 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' நான்கே பவர் கார்டுகள் (ஓரிரு சுரங்களைச் சேர்த்து அடிக்கும் எளிய கார்டுகள்): எஃப், பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட். கிட்டார் வாங்கி ஒரு மாதமான பையன் ஒரே மாலையில் வாசித்துவிடுவான், அந்தப் பாட்டின் பலமே அதுதான். வெர்ஸ் (சரணம்) அடங்கிய சத்தத்தில், கோரஸ் (பல்லவி) வெடிப்பாக என்ற அமைப்பைப் பிக்ஸீஸ் என்ற பேண்டிடமிருந்து எடுத்ததைப் பாடகர் கர்ட் கோபேனே ஒப்புக்கொண்டிருக்கிறார். மெட்டு போடுவதில் அவரை மிஞ்ச அந்தத் தலைமுறையில் ஆள் குறைவு. 'நெவர்மைண்ட்'டின் தயாரிப்பாளர் புட்ச் விக் அவர் குரலை இரண்டு முறை பாடவைத்து அடுக்கினார், ஆண்டி வாலஸ் மிக்ஸ் செய்து பளபளப்பாக்கினார். அந்தப் பளபளப்பு பிடிக்காமல்தான் 1993இல் ஸ்டீவ் ஆல்பினியிடம் போய் 'இன் யூட்டரோ'வைக் கரடுமுரடாகப் பதிவு செய்தார்கள். என் கட்சியில் 'இன் யூட்டரோ'வே மேல். ஆனால் 90களில் அவர்கள் கையில் இருக்கும் ஸ்டூடியோ ஆல்பங்கள் 'நெவர்மைண்ட்', 'இன் யூட்டரோ' இரண்டுதான். அந்தக் காலத்தின் முக்கியமான பேண்ட் எது என்றால் கண்ணை மூடிக்கொண்டு நிர்வாணா என்பேன். சிறந்தது என்றால் பேண்டில் எல்லோரும் சேர்ந்து என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அங்கேதான் சவுண்ட்கார்டன் தனித்து நிற்கிறது. 1994 மார்ச் 8இல் வந்த 'சூப்பர்அன்னோன்' ஆல்பத்தில் 15 பாடல்கள், ஏறத்தாழ 70 நிமிடம். 'ஸ்பூன்மேன்' பாட்டின் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை)க் கையில் தாளம் போட்டு எண்ணிப் பாருங்கள்: எட்டு வராது, ஏழு வரும். கோரஸில் நாலுக்கு மாறும். 'மை வேவ்' வெர்ஸ் ஐந்து, 'ஃபெல் ஆன் ப்ளாக் டேஸ்' வெர்ஸ் ஆறு. முந்தைய ஆல்பத்தின் 'அவுட்ஷைன்ட்' ரிஃப்பும் ஏழுதான். மிஸ்ர சாப்பும் கண்ட சாப்பும் பழகிய காதுக்கு ஏழும் ஐந்தும் புதிதில்லை. ஆனால் இவை வானொலியில் ஓடிய பாடல்கள், கேட்டவர்களில் பெரும்பாலோர் கணக்கு மாறியதைக் கவனிக்கவே இல்லை. மேட் கேமரன் டிரம்ஸின் பெருமை அதுதான். தாளம் இடறாது, தலையாட்டுவது நிற்காது. கணக்கைக் காட்டிக் கைதட்டல் வாங்கும் வாத்தியார்த்தனம் துளியும் இல்லை.

இதை வாசிக்க முயல்கிறவர்கள் வழுக்குவதும் அங்கேதான். பழக்க தோஷத்தில் ரிஃப்பின் கடைசியில் ஒரு அடி கூட்டி எட்டாக்கிவிடுவார்கள், அடுத்த சுற்றிலேயே டிரம்ஸும் கிட்டாரும் ஒரு அடி விலகிவிடும். எண்ணிக்கொண்டே வாசிக்காதீர்கள். ரிஃப்பை முதலில் வாயால் பாடிப் பழகுங்கள், வாய்க்கு வந்துவிட்டால் கைக்குத் தானாக வரும். ட்யூனிங்கையும் பாருங்கள். 'ஸ்பூன்மேன்', 'ப்ளாக் ஹோல் சன்' இரண்டுக்கும் ஆறாவது, அதாவது மிகத் தடித்த கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் போதும். 'ரஸ்டி கேஜ்'ஜுக்கு அதே கம்பி பி வரை இறங்க வேண்டும், அதாவது ஐந்து அரைச்சுரம். 9 கேஜ் என்ற மெல்லிய கம்பி செட்டோடு இதைச் செய்தால் கம்பி தொய்ந்து ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்கும், ஓங்கி அடித்தால் சுருதி மேலே ஏறிவிடும். அந்த ஒரு கம்பியை மட்டும் 56 கேஜுக்கு மேல் தடிமனாக மாற்றிக்கொள்ளுங்கள். மிதக்கும் ட்ரெமலோ பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கி ஸ்பிரிங்கில் அசையும் பாகம்) உள்ள கிட்டாரில் ஒரு கம்பியை இறக்கினால் மற்ற ஐந்தும் சுருதி விலகும், அந்த வம்பே வேண்டாம்.

நால்வருமே பாட்டு எழுதினார்கள் என்பது என் வாதத்தின் இன்னொரு கால். 'ஹெட் டவுன்', 'ஹாஃப்' இரண்டும் பேஸ் வாசித்த பென் ஷெப்பர்ட் எழுதியவை. கேமரனும் கிட்டாரிஸ்ட் கிம் தாயிலும் இசையமைத்தவை தனியாக உண்டு. (தாயில் என்ற பெயரைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்களுக்கு: ஆமாம், பெற்றோர் கேரளத்திலிருந்து போனவர்கள்.) இத்தனைக்கும் மேலே கிறிஸ் கார்னெலின் குரல். அதைப் பற்றி எழுதுவதைவிட 'லைக் சூயிசைட்' பாட்டின் கடைசி இரண்டு நிமிடங்களைப் போட்டுக் காட்டுவது சுலபம்.

குறை இல்லாமல் இல்லை. 'சூப்பர்அன்னோன்'னில் மூன்று பாட்டை வெட்டியிருந்தால் ஆல்பம் இன்னும் இறுகியிருக்கும். 1996இன் 'டவுன் ஆன் தி அப்சைட்' நல்ல பாடல்களும் சோர்வும் கலந்தது, அடுத்த ஏப்ரலில் குழுவே கலைந்துவிட்டது. கோபேனின் ஒரு வரி நெஞ்சில் தைக்கிற மாதிரி கார்னெலின் வரிகள் எல்லோருக்கும் தைக்காது.

இரண்டாம் இடம் ஆலிஸ் இன் செயின்ஸுக்கு. லேன் ஸ்டேலி, ஜெர்ரி கேன்ட்ரெல் இருவர் குரலும் நெருங்கி உரசிப் போகும் அந்த இருண்ட ஹார்மனியை அவர்களுக்குப் பின் நகலெடுத்தவர்கள் ஏராளம், யாருக்கும் சரியாக வரவில்லை. 1994 ஜனவரியில் வந்த 'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்' பில்போர்ட் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்த முதல் இ.பி. (ஆல்பத்தைவிடச் சிறிய தொகுப்பு). ஸ்டேலியின் போதைப் பழக்கத்தால் 1996க்குப் பிறகு குழு முடங்கிப்போனது, இல்லாவிட்டால் நான் இடத்தை மாற்றியிருக்கவும் கூடும்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் ஒரு எச்சரிக்கை. சத்தமாக இருப்பது காதுக்கு எப்போதும் சிறப்பாகவே தோன்றும். 'நெவர்மைண்ட்'டின் 2011 ரீமாஸ்டர் (ஒலியை மறுபடி சீர்செய்த பதிப்பு) 1991 சி.டி.யைவிடச் சத்தம் கூட்டி அமுக்கப்பட்டது, டிரம்ஸின் அடி அதில் மழுங்கித் தெரியும். பேர்ல் ஜாமின் 'டென்'னுக்கு 2009இல் ப்ரெண்டன் ஓ'ப்ரையன் புதிதாகவே மிக்ஸ் செய்த பதிப்பு உண்டு, பழைய மிக்ஸின் எதிரொலி அதில் குறைவு. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை ஆன் செய்யுங்கள். பிறகு 'ஃபெல் ஆன் ப்ளாக் டேஸ்', ஆலிஸ் இன் செயின்ஸின் 'ரூஸ்டர்', நிர்வாணாவின் 'செர்வ் த சர்வன்ட்ஸ்' என்ற வரிசையில் கேட்டுவிட்டு வந்து என்னைத் திட்டுங்கள்.