பீரோவின் மேல்தட்டு போதாது

வணக்கம். மும்பை செம்பூர் வீட்டில் நான்கு, ஏழு வயதுக் குழந்தைகள், உரிமம் பெற்ற .32 போர் (bore, குழாய் விட்ட அளவு) ரிவால்வர், குண்டு போட்டபடியே பீரோ மேல்தட்டில், சாவி சுவாமி அலமாரியில் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் பதறிவிட்டேன். இன்றிரவே மாற்றுங்கள்.

ஐந்து வயதில் என் மகள் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு, நான் ஒளித்த சாவியால் பீரோவைத் திறந்து மிட்டாயை எடுத்துவிட்டாள். ஒருமுறைகூட அவளுக்குச் சாவியைக் காட்டியதில்லை. நான் எடுப்பதைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

முதலில் குழந்தைகள் இல்லாத அறையில், துப்பாக்கிக் குழாயை, மறுபக்கம் ஆள் இல்லாத சுவர்ப்பக்கம் நீட்டி, விரல் ட்ரிகரில் படாமல் குண்டுகளை எடுங்கள். நல்ல வெளிச்சத்தில் ரிவால்வர் உருளையில் குண்டு போடும் ஒவ்வொரு துளையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். பிறகு துப்பாக்கி ஒரு பெட்டியில், குண்டுகள் வேறொரு பூட்டில். பெட்டி, சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு முடுக்கிய எஃகுப் பெட்டியாக இருக்கட்டும். திறப்பு எண் பிறந்தநாளாக இருக்கக் கூடாது. ஏழு வயதுக் குழந்தை அதை ஊகித்துவிடும்.

திருடன் வந்தால் எடுக்க நேரமாகுமே என்கிறீர்கள். திருடன் என்றாவது வரலாம். குழந்தைகள் தினமும் அந்த அறையில்தான் விளையாடுகிறார்கள். மனம் ஒப்பவில்லை என்றால், உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் பாதுகாப்பில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஏழு வயது மூத்த குழந்தையிடமும் பேசுங்கள்: எங்கே துப்பாக்கியைப் பார்த்தாலும் தொடாமல், அங்கிருந்து நகர்ந்து, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பேச்சை நம்பிப் பூட்டைத் தளர்த்திவிடாதீர்கள்.