ஜி.பி.எஸ். மீனைக் காட்டுமா?

கேள்வி: ஜி.பி.எஸ். வாங்கி இரண்டு மாதமாகிறது. மீன் இருக்கும் இடத்தைக் காட்டவே இல்லையே?

பதில்: சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு உங்கள் வலைக்கடியில் நீந்துவது எப்படித் தெரியும்? அதன் அலை கடல்நீருக்குள் ஒரு சாண்கூட இறங்காது. மீனைத் தேடுவது, ஒலியைக் கீழே அனுப்பி எதிரொலியைக் கேட்கும் எக்கோ சவுண்டரின் வேலை. கண்ட இடத்துக்குத் திரும்பக் கூட்டிப் போவதுதான் ஜி.பி.எஸ்.ஸின் வேலை.

கேள்வி: நண்பர் ஒரு பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) இடத்தை எழுதிக் கொடுத்தார். அட்சரேகையில் டிகிரிக்குப் பின் 30.50 என்று இருந்தது. 30 நிமிடம் 50 விநாடி என்று பதிந்து போனேன். வெறும் சேறு. கருவி பழுதா?

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கிறது. மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது, எனக்கும் அலுத்துவிட்டது. 30.50 என்றால் முப்பதரை நிமிடம், அதாவது 30 நிமிடம் 30 விநாடி. நீங்கள் 20 விநாடி கூட்டிவிட்டீர்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு 600 மீட்டருக்கு மேல். பாரோ சில சமயம் நாலு படகு அகலம்கூடத் தேறாது! முழு டிகிரியும் தசமத்தில், நிமிடம் மட்டும் தசமத்தில், டிகிரி-நிமிடம்-விநாடி என மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். கொடுப்பவர் எந்த விதம் என்று சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை. டீசலை எரித்த பிறகு கருவியின் மேல் பழி. பழைய வரைபடத்திலிருந்து எடுத்த இடமானால் இன்னொரு வம்பு: அந்த வரைபடம், ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அளவுமுறையான டபிள்யூ.ஜி.எஸ். 84 அடிப்படையில் இல்லாவிட்டால் சில நூறு மீட்டர் தள்ளிப் போகலாம். இடத்தைக் காகிதத்தில் எழுதுங்கள், எந்த விதம் என்பதையும் சேர்த்து.

கேள்வி: நங்கூரமிட்டு நிற்கும்போது திரையில் படகின் திசை சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பதில்: படகு நகர்ந்தால்தான் ஜி.பி.எஸ்.ஸுக்குத் திசை தெரியும். நிற்கும்போது திசைகாட்டியைப் பாருங்கள். திசைகாட்டி இல்லையென்றால் கரையிலேயே இருங்கள்.

கேள்வி: மீன்கூட்டம் தெரிந்ததும் இடத்தைக் குறித்தேன். திரும்பிப் போனால் ஒன்றுமில்லை.

பதில்: சவுண்டர் திரையில் வலது ஓரம் மட்டுமே இப்போதைய நிலவரம், மற்றதெல்லாம் கடந்து வந்தது. 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் விநாடிக்கு 3 மீட்டர் போகிறீர்கள். பத்து விநாடி யோசித்துப் பொத்தானை அழுத்தினால் 30 மீட்டர் போயிற்று. மீனுக்கும் துடுப்பு இருக்கிறது, உங்களுக்காகக் காத்திருக்காது. பாரையும் பள்ளத்தின் விளிம்பையும் குறித்து வையுங்கள், அவை நகராது. அவற்றையும் காகிதத்தில் எழுதுங்கள். கருவிக்குள் உப்புநீர் புகுந்தால் எல்லாம் போய்விடும்.

கேள்வி: கைபேசி போதாதா?

பதில்: வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால், டவர் இல்லாத இடத்திலும் அது இடம் காட்டும். ஆனால் ஈரக் கை பட்டால் திரை கேட்காது. இரண்டாவது கருவியாக இருக்கட்டும்.

கேள்வி: குறித்த இடத்துக்குத் திரை காட்டும் கோட்டிலேயே போகலாமா?

பதில்: நடுவே பாறை இருந்தாலும் அந்தக் கோடு நேராகத்தான் போகும். முதலில் கடல் வரைபடம்.

கேள்வி: நல்ல ஜி.பி.எஸ். எது?

பதில்: என்ன படகு, எவ்வளவு தூரம் போகிறீர்கள், பாட்டரி எத்தனை வோல்ட்? இவற்றை எழுதி அனுப்புங்கள்.