அந்த அட்டையைக் கழற்றிவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 33. கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. திருமணம் ஆகவில்லை. லண்டனில் தனியாக வாழும் பெண்களைப் பற்றிய சிரிப்புக் காதல் நாவல்கள் என்றால் எனக்கு உயிர். இலக்கியம் படித்த என் சித்தி மகள், "இதெல்லாம் ஒரு புத்தகமா? நீ வாழ்க்கையிலிருந்து ஓடி ஒளியறே" என்கிறாள். "இதைப் படிச்சுதான் வர்ற வரனையெல்லாம் தட்டிக் கழிக்கிறே" என்பது அம்மாவின் புகார். இப்போதெல்லாம் பஸ்ஸில் நியூஸ்பேப்பர் அட்டை போட்டுத்தான் படிக்கிறேன். படிப்பதை நிறுத்திவிடட்டுமா?

பதில்: வேண்டாம். முதல் வேலையாக அந்த நியூஸ்பேப்பர் அட்டையைக் கழற்றுங்கள்.

நாவலை ஒளித்துப் படிக்கும் பெண் இன்று நேற்று வந்தவள் இல்லை. 1817 கடைசியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே'யில் ஜேன் ஆஸ்டின் ஒரு பெண்ணைக் காட்டுவார். என்ன படிக்கிறாய் என்று கேட்டதும், சும்மா ஒரு நாவல்தான் என்று சொல்லிப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவாள், உங்களைப் போலவே கொஞ்சம் வெட்கத்தோடு. ஆஸ்டினுக்கு அதில் சரியான கோபம். கதையை அப்படியே நிறுத்திவிட்டு நாவலுக்காக வாதாடுவார். அடுத்த முறை சித்தி மகள் வாயைத் திறந்தால் அந்த ஐந்தாம் அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

அவளைப் போலப் பேசிய பெரியவர்களும் உண்டு. இந்த வகை நாவல்கள் வெறும் நுரை என்று 2001-ல் பிரிட்டிஷ் நாவலாசிரியை பெரில் பெயின்பிரிட்ஜே சொன்னார். நுரைதான், யார் இல்லை என்றது? நுரையில்லாத ஃபில்டர் காபியை நம் ஊரில் யார் குடிக்கிறார்கள்?

இந்த வகைக்கே தலைச்சன் மாதிரியான 'பிரிட்ஜெட் ஜோன்ஸின் டைரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் ஹெலன் ஃபீல்டிங் ஒரு லண்டன் நாளிதழில் எழுதிய பத்தி, மறு வருடம் நாவலானது. கதை தொடங்குவது புத்தாண்டு நாளில். பிரிட்ஜெட்டுடைய அம்மாவின் சிநேகிதி வீட்டில் வான்கோழிக் கறி விருந்து. ரத்த உறவே இல்லாத ஆன்ட்டிகளும் அங்கிள்களும் சுற்றி நின்று, காதல் விவகாரம் எந்த மட்டில் இருக்கிறது என்று அவளைக் குடைகிறார்கள். வான்கோழியை எடுத்துவிட்டு வாழை இலையைப் போடுங்கள். "உன் கல்யாணச் சாப்பாடு எப்போம்மா?" என்று ரசம் ஊற்றும்போதே கேட்பார்களே, அதே பந்திதான். இதையா உங்கள் சித்தி மகள் வாழ்க்கையிலிருந்து ஓடுவது என்கிறாள்? அங்கேயும் அதே அத்தைமார் உட்கார்ந்திருக்கிறார்கள்! ஆனால் இலை முன்னால் குனிந்திருக்கும்போது நமக்கு நாக்கில் வராத பதில், பிரிட்ஜெட்டுக்கு அன்று ராத்திரி டைரியில் வந்துவிடுகிறது. உங்களைச் சிரிக்க வைப்பது அதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் காதலனாக வந்து சேரும் டார்சி ஒரு உபரி.

அவள் விருந்துக்கு சூப் வைக்கும் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காய்கறியை நூலால் கட்டிக் கொதிக்க விடுகிறாள். நூலின் சாயம் இறங்கி சூப் நீலமாகிவிடுகிறது. குழம்பு அடிபிடித்த நாளில் அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தால் எனக்கு மனசு லேசாகிவிடும்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். டைரியின் முதல் நாளில் அவள் எடை சுமார் 58 கிலோ. அதற்குத்தான் அத்தனை புலம்பல்! அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு நீங்கள் வெயிங் மெஷினில் ஏறினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அதேபோல, புத்தகத்தை மூடியதும் ஒரு நல்ல சிரிப்பு மிஞ்சினால் சரி. நம் வாழ்க்கை மேல் எரிச்சல்தான் மிஞ்சுகிறது என்றால், ஒரு வாரம் வேறு ஏதாவது படியுங்கள். ஆடிட் சீசனில் ராத்திரி 2 மணி வரை கண் விழிப்பதும் வேண்டாம்.

வரன் விஷயம் வேறு, அதை நாவல் தலையில் கட்டாதீர்கள். பிடிக்காததற்கு உங்களிடம் காரணம் இருக்கும். அதை அம்மாவிடம் நேராகச் சொல்லுங்கள். சொல்லாமல் புத்தகத்தோடு அறைக்குள் போனால், பழி புத்தகத்தின் மேல்தான் விழும்.

அப்புறம், அம்மா தன் கல்யாணத்துக்கு முன்னால் எந்தத் தொடர்கதைக்காகக் காத்திருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். என் அம்மா வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்ட் பண்ணி வைத்திருந்த காதல் கதைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன.

அடுத்து என்ன படிக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: சோஃபி கின்செல்லாவின் ஷாப்பஹாலிக் வரிசை. முதல் புத்தகம் 2000-ல் வந்தது. ஊருக்கெல்லாம் பணத்தைப் பற்றி எழுதுகிற பத்திரிகைக்காரி, தனக்கு வரும் பேங்க் கடிதங்களைப் பிரிக்கப் பயந்து ஒளித்து வைப்பாள். ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் உங்களுக்கு அவள் கணக்கைப் பார்த்தால் கை பரபரக்கும்.