ராணுவ மருத்துவப் பயிற்சிக்கு ஆடு எதற்கு?

‘போர்முனை முதலுதவி கற்க ஆட்டை வெட்டுவார்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் வெட்டினார்கள். மயக்க மருந்து கொடுத்து, காலை வெட்டி, பீறிடும் ரத்தத்தைப் பட்டை இறுக்கி நிறுத்த வீரர்கள் பழக வேண்டும். கடைசியில் ஆட்டைக் கொன்றுவிடுவார்கள்.

2012இல் பீட்டா ஒரு வீடியோவை வெளியிட்டது. அமெரிக்கக் கடலோரக் காவல்படைப் பயிற்சி. மரக்கிளை நறுக்கும் கத்தரியால் ஆட்டின் காலை வெட்டுகிறார்கள்; பயிற்றுநரோ விசிலடிக்கிறார்! எதிர்ப்பு சூடுபிடித்தது அப்புறம்தான்.

‘நிஜ ரத்தம் பார்த்தால்தான் கை நடுங்காது’ என்பது ராணுவத்தின் வாதம். சரி, ஆனால் ஆட்டின் தோலும் காலும் மனிதனுடையவை போலவா இருக்கின்றன? இப்போது சில பயிற்சிகளில் ஆட்டுக்குப் பதில் நடிகர்களே செயற்கைத் தோல் உடையை மாட்டிக்கொண்டு, ரத்தம் பீச்ச அலறுகிறார்கள். அன்றைய 28 நேட்டோ நாடுகளில் 22 விலங்கில்லாமலேதான் பயிற்சி கொடுத்தன.