ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உசிலம்பட்டி பக்கம் ஓர் அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் குறளும் செய்தியும் முடிந்ததும் ‘வரலாற்றில் இன்று’ வாசிப்பது என் பொறுப்பு. பிறந்தவர்கள், மறைந்தவர்கள், நடந்தவை என்று ஐந்தாறு வரி. செல்போனில் வரும் பட்டியல்களிலிருந்து எடுத்துக்கொள்வேன். ஏப்ரல் 3 அன்று சத்ரபதி சிவாஜி மறைவு, இசைமேதை பிராம்ஸ் மறைவு, ராணுவத் தளபதி மானெக்‌ஷா பிறப்பு, ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ பிறப்பு, உலகின் முதல் செல்போன் அழைப்பு, பிரபுதேவா பிறந்தநாள் என்று வாசித்தேன். பிள்ளைகள் பிரபுதேவாவுக்கு மட்டும் கைதட்டினார்கள்.

என் சந்தேகம் இதுதான். பட்டியலுக்குப் பட்டியல் தேதி மாறுகிறது. பாரதியார் மறைந்தது செப்டம்பர் 11 என்கிறது ஒன்று, 12 என்கிறது இன்னொன்று. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டே விட்டான். எதை நம்புவது? நம்பகமான புத்தகம் ஏதாவது சொல்ல முடியுமா? இப்படித் தினமும் வாசிப்பதால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டா என்றும் சொல்லுங்கள்.

(பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூட்டையும் ஏப்ரல் 3இல் சேர்க்கச் சொல்லி ஒரு பெற்றோர் கேட்டார். சாதி சம்பந்தப்பட்டது, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.)

அன்புடன்,
உங்கள் வாசகி

அன்புள்ள டீச்சர்,

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. பதிலையும் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பதைப் பல ஆசிரியர்கள் வாய்விட்டுச் சொல்லியே கேட்டிருக்கிறேன். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாரதி. அவர் இறந்தது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். 1921 செப்டம்பர் 11 ஞாயிற்றுக்கிழமை, அன்று ராத்திரி. கடிகாரப்படி 12 பிறந்துவிட்டது. நம்முடைய வழக்கத்தில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். அன்று அந்த வீட்டில் விழித்திருந்தவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான். இரண்டு தேதிக்கும் நியாயம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021இல் நூற்றாண்டின்போது செப்டம்பர் 11ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது. பையனிடம் இரண்டையும் சொல்லிக் காரணத்தையும் சொல்லுங்கள், புரிந்துகொள்வான். இரவு 12.20 ரயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டு டிக்கெட் எடுத்துவிட்டு, ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஜங்ஷனுக்கு வந்து நிற்பவர்களை மதுரையில் இன்றைக்கும் பார்க்கலாம். அவன் வீட்டிலேயே யாராவது ஏமாந்திருப்பார்கள். அதே பாரதி 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் தொழில் பார்த்தவர்.

சிவாஜி தேதியும் அப்படித்தான். 1680 ஏப்ரல் 3 என்பது ஆங்கிலேயர் அப்போது வைத்திருந்த பழைய நாட்காட்டிக் கணக்கு. 1752இல்தான் அவர்கள் அதை மாற்றினார்கள். செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று வைத்தார்கள். இன்றைய கணக்கில் சிவாஜி இறந்தது ஏப்ரல் 13. மராட்டியக் கணக்கில் அது சைத்ர பௌர்ணமி, அதில் குழப்பமே இல்லை. புத்தகம் கேட்டீர்கள். ஒரே புத்தகத்தை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது, அதனால் பெயர் சொல்லப்போவதில்லை. பயன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. செல்போனில் முதல் பேச்சு நடந்த நாளும் பிரபுதேவா பிறந்த நாளும் ஒன்று, வருஷமும் அதே 1973 என்று தெரிந்தால் ஒரு பிள்ளையாவது வீட்டில் போய்ச் சொல்லும். அது போதும்.

இனி அந்த அடைப்புக்குறி.

டீச்சர், நீங்கள் எந்தப் பள்ளியில் நின்றுகொண்டு பிராம்ஸ் மறைந்த நாளை வாசித்தீர்கள்? கள்ளர் சீரமைப்புப் பள்ளி. அந்தப் பள்ளிகள் எப்படி வந்தன? 1920 ஏப்ரல் 3 அன்று உங்கள் வட்டாரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, அடக்குமுறை மட்டும் போதாது என்று வெள்ளைக்கார அரசு தொடங்கிய சீரமைப்புத் திட்டத்தில் வந்தவை. கிணறு, கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம். நீங்கள் கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேட்டின் தலைப்பிலேயே அந்த நாள் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வியன்னாவில் இறந்தவரைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்கள். பிராம்ஸ் மீது எனக்கு வருத்தமில்லை. உங்கள் மீது இருக்கிறது.

சாதி விஷயம் என்கிறீர்கள். என்ன சட்டம் அது? 1871இல் வடக்கே கொண்டுவந்து, 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப் பரம்பரைச் சட்டம். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். ஓர் ஆள் திருடினான் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. இன்ன கூட்டத்தில் பிறந்தான் என்றால் போதும். கைரேகை பதிய வேண்டும். ராத்திரியானால் ஸ்டேஷனிலோ சாவடியிலோ ஆஜராக வேண்டும். வெளியூர் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எங்களை இந்தப் பட்டியலில் சேர்த்தது தவறு என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். உங்கள் வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர் மட்டுமா? இந்தியா முழுக்க எத்தனையோ சமூகங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. பிறப்பைக் குற்றமாக்கிய ஒரு சட்டத்தை எதிர்த்து நின்றவர்களின் கதை இது. குடிமையியல் பாடத்தில் ‘சட்டத்தின் முன் அனைவரும் சமம்’ என்று நடத்துகிறீர்கள் அல்லவா, அதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் உங்களுக்குக் கிடைக்காது.

அன்று விடிவதற்கு முன் ரேகை எடுக்கப் போலீஸ் பெருங்காமநல்லூருக்கு வந்தது. ஊர் மறுத்தது. சுட்டார்கள். 16 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் பெண், மாயக்காள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் சொல்கிறது. ஜாலியன்வாலா பாக் நடந்து ஒரு வருஷம் ஆகப் பத்து நாள் பாக்கி இருந்தது. ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கை வாசிப்பீர்கள். வாசிக்க வேண்டும். அங்கே செத்தவர்கள் என்ன சாதி என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? யோசிக்க மாட்டீர்கள். தூரத்தில் செத்தவனுக்குச் சாதி இல்லை, பக்கத்து ஊரில் செத்தவனுக்கு மட்டும் சாதி வந்துவிடுகிறதா?

மதுரையில் நடந்தவையும் பட்டியல்களில் வருகின்றனவே என்று நீங்கள் சொல்லலாம். வருகின்றன. 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி மாடியில் காந்தி மேலாடையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். இருக்கிறது. காந்தி வந்ததால் இருக்கிறது. உங்கள் வட்டாரத்துக்குப் பெரிய ஆள் யாரும் வந்து சாகவில்லை. அங்கிருந்தவர்களே செத்தார்கள். அதனால் அதைப் பட்டியல் போடும் வேலை உங்களுடையது. வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் அப்பா. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரர். பள்ளியில் சேர்க்கப் போனபோது வாத்தியார் அவருடைய வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். விரல் காதில் பட்டது. ஐந்து வயது ஆகிவிட்டது என்று முடிவு செய்து, அதற்குத் தோதாக ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிவிட்டார். அந்தத் தேதியில்தான் அப்பா வேலைக்குச் சேர்ந்தார், ரிட்டையர் ஆனார், பென்ஷன் வாங்கினார். அவர் இறந்தபோது என் தம்பி கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கொடுத்தான். மதுரையில் போஸ்டர் ஒட்டாமல் ஒரு சாவும் முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ‘தோற்றம்’ என்ற இடத்தில் ஜூன் தேதியைப் பார்த்த எங்கள் அத்தை, துக்க வீட்டில் அத்தனை பேர் நடுவில் தம்பியைப் பிடித்துக்கொண்டார். “அவன் ஐப்பசி அடமழையில பெறந்தவன்டா. ஓல ஒழுகி, எங்காத்தா அவன முறத்துக்கடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நீ என்னடா வெயில் காலத்துல பெறக்க வைக்கிற?”

எந்த ஐப்பசி, எந்த நாள் என்று அத்தைக்கும் தெரியாது. ஆனால் மழை தெரியும், முறம் தெரியும். நான் இத்தனை வருஷம் ஜூன் மாதத்தில் அப்பாவுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறேன், அவரும் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

உங்கள் வட்டாரத்து வீடுகளில் போய்க் கேளுங்கள். அறுபது வயது தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் இருக்கிறது என்று பாருங்கள். பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி கட்டாயமாக்கிய சட்டமே 1969இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த லட்சக்கணக்கானவர்களுக்குத் தோற்றம் எழுதிக் கொடுத்தவர்கள் உங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். தாயும் தகப்பனும் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதியவர்களும் உண்டு. நேரமில்லாமல் தோன்றியதை எழுதியவர்களும் உண்டு.

இப்போது அந்தப் பதினாறு பேரை நினைத்துப் பாருங்கள். மறைவு தெரிகிறது, மணிக்கணக்கு வரை தெரிகிறது. தோற்றம் தேதியோடு அவர்களை நான் எந்தப் பட்டியலிலும் பார்த்ததில்லை. பத்து விரல் ரேகையையும் மையில் தோய்த்து எடுத்துக்கொள்ளத் துடித்த அரசாங்கம் அது. ராத்திரிக்கு ராத்திரி ஆள் இருக்கிறானா என்று எண்ணிப் பார்த்தது. இவன் என்றைக்குப் பிறந்தான், இவனுடைய அம்மா எந்த மழையில் இவனைப் பெற்றாள் என்று அது கேட்டிருக்குமா? மானெக்‌ஷா அமிர்தசரஸில் பிறந்தது 1914 என்று நமக்குத் தெரிகிறது. மாயக்காள் பெருங்காமநல்லூரில் சாகும்போது என்ன வயது என்பதைக்கூட ஊரில் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்தவர்கள், மறைந்தவர்கள் என்று இரண்டு வரிசை போட்டு வாசிக்கும்போது, முதல் வரிசைக்குள் நுழையவே முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாமா?

ஊர் வேறு விதமாக நினைவு வைத்தது. அந்த மக்களுக்காக வாதாடியவர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீல் தொழில் செய்தவர், 1938 மார்ச் 5 அன்று மதுரையிலேயே இறந்தார். உங்கள் பக்கத்து மக்கள் அவருக்கு ரோசாப்பூ துரை என்று பெயர் வைத்தார்கள். பிறகு தங்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். உங்கள் வகுப்பில் யாராவது ஒரு பையனின் தாத்தா பெயர் ரோசாப்பூ துரையாக இருக்கலாம். அந்தப் பையனுக்கு அது வேடிக்கையான பெயராகத் தெரியும், மற்ற பிள்ளைகள் கேலிகூடச் செய்வார்கள். அது ஒரு வக்கீலின் பெயர், எதற்காக வந்தது என்று அவனுக்கு நீங்கள் சொல்லவில்லை என்றால் யார் சொல்வார்கள்?

வம்பு வரும் என்று பயப்படுகிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர், பெண், வெளியூர்க்காரர் வேறு. யாராவது கொடி பிடித்துக்கொண்டு வந்து உங்கள் வாசிப்பைத் தங்கள் மேடையாக்கிவிடலாம், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் மனு எழுதலாம். அதற்கு வழி இருக்கிறது. பெருமை பேசாதீர்கள், வீரவசனம் சேர்க்காதீர்கள். சட்டம் என்ன சொன்னது, அன்று என்ன நடந்தது, எத்தனை பேர் இறந்தார்கள், சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது என்று நான்கு வரி. கூடவே அந்தப் பட்டியலில் இருந்த மற்ற சமூகங்களையும் சொல்லுங்கள். இந்த நான்கு வரியில் ஆட்சேபிக்க யாருக்கும் எதுவும் கிடையாது. சொல்லாமல் விட்டால்தான், அந்த நாளைக் கொடி பிடிப்பவர்களிடம் முழுசாகக் கொடுத்துவிடுகிறீர்கள்.

பெருங்காமநல்லூரில் நினைவுத் தூண் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பதினாறு பெயர்களையும் அவர்கள் கையாலேயே நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். கேட்டுப் போன அந்தப் பெற்றோரையும் உடன் அழையுங்கள். அவரை நீங்கள் வெறுங்கையோடு அனுப்பிவிட்டீர்கள். எனக்கு உங்கள் மீது உண்மையான கோபம் அதில்தான்.

இன்னொரு வேலையும் தருகிறேன். உங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு எங்காவது பீரோவில் இருக்கும். முதல் பக்கத்தில் எந்த வருஷம் போட்டிருக்கிறது, பிள்ளைகளின் பிறந்த தேதி எந்தெந்த மாதத்தில் விழுகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். 1920களில் தொடங்கிய பள்ளி என்றால், முதலில் சேர்ந்த பிள்ளைகளில் சிலராவது அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். பீரோவைத் திறக்கத் தலைமையாசிரியர் மறுத்தால் சொல்லுங்கள், நானே உசிலம்பட்டிக்கு பஸ் ஏறி வந்து கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா