முந்நூறு யூனிட் ரத்தம்

அன்புள்ள ஐயா,

எங்கள் இளைஞர் மன்ற வெள்ளிவிழாவுக்கு ஒரே நாளில் 300 யூனிட் ரத்தம் சேர்க்க நினைக்கிறோம். ரத்த வங்கியிலோ ‘அறுபது போதும்’ என்கிறார்கள். சமூக சேவை செய்ய வருகிறவர்களை இப்படித் தடுக்கலாமா?

க.

அன்புள்ள க.,

வங்கி சொல்வதுதான் சரி. அடுக்கி வைக்க ரத்தம் அரிசி மூட்டை இல்லை. சிவப்பணு, பையிலுள்ள கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் தாங்கும். ரத்தக் கசிவை நிறுத்த உதவும் தட்டணுவுக்கு (பிளேட்லெட்) ஐந்தே நாள். அதுவும் 20–24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விழாவன்று வந்தது மொத்தமும் ஒன்றாகவே காலாவதியாகும். அதன்பின் அந்த 300 பேரில் ஆண்களை 90 நாளுக்கும் பெண்களை 120 நாளுக்கும் கூப்பிட முடியாது. ரத்தம் சரியாக ஊறாத பரம்பரை நோயான தலசீமியா உள்ள குழந்தைக்கோ சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். உங்கள் வெள்ளிவிழா எப்போது என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு கணக்கு. ஒருவர் படுத்து எழ, பையில் எண் ஒட்ட, எப்படியும் கால் மணி நேரம். எட்டுக் கட்டில் போட்டாலும் மணிக்கு 32 பேர். 300 பேருக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல். சிறப்பு விருந்தினர் வருமுன் முடிக்கும் அவசரத்தில் முதலில் அடிபடுவது ரத்தம் கொடுப்பவர் நிரப்ப வேண்டிய கேள்வித்தாள். மஞ்சள்காமாலை, பச்சை குத்தியது, நேற்றிரவு குடித்தது எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் விழும். புதிதாகத் தொற்றிய கிருமி முதல் சில நாளோ சில வாரமோ பரிசோதனையில் சிக்காது. அங்கே அந்த உண்மையான பதில்தான் காவல். வெறும் வயிற்றில் வந்தவர் மயங்கினால் பாதியில் நிறுத்த வேண்டிவரும். 350 மி.லி. பையில் உறையாமலிருக்க 49 மி.லி. மருந்து முன்பே இருக்கிறது. ரத்தம் மிகவும் குறைந்தால் விகிதம் கெட்டு அந்தப் பை குப்பைக்குத்தான் போகும்.

300 பேரை ஐந்து குழுவாக்கி, மூன்று வாரத்துக்கு ஒரு குழு என்று வங்கியிடம் பேசுங்கள். முதல் குழுவின் முறை திரும்பும்போது 105 நாள் ஆகியிருக்கும். பெண்களை மட்டும் அடுத்த குழுவில் சேர்த்தால் 126. கல்லூரிகள் மூடிக்கிடக்கும் மே மாதத்தை விட்டுவிடாதீர்கள், தட்டுப்பாடு அப்போதுதான். ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே என்று திருப்பி அனுப்பப்படுபவர்களை, அதில் பெண்கள் நிறைய இருப்பார்கள், மைக்கில் அறிவிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

அரிதாகக் கிடைக்கும் நெகட்டிவ் ரத்த வகைக்காரர்களின் பெயரைத் தனி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வங்கி கேட்டாலொழிய அவர்கள் முகாமுக்கு வர வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு அடித்தாலும் போனை எடுத்தால் போதும்.