வைக்கோல் செருப்பும் ராஜ சம்பந்தமும்

கேள்வி: கொரிய சீரியல் ஒன்றில், ராஜாவுக்குப் பெண் பார்க்க நாட்டில் உள்ள பெண்களை எல்லாம் அரண்மனைக்கு வரவழைத்து மூன்று சுற்றுத் தேர்வு வைக்கிறார்கள். நிஜமாகவே இப்படி நடந்ததா? தேர்வான பெண் எவ்வளவு கொடுத்து வைத்தவள்! – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நடந்தது. ஜோசன் அரச வம்சத்தில் (1392–1910) மூன்று சுற்றுத் தேர்வு வழக்கம்தான். ஆனால் ‘எல்லாப் பெண்களும்’ இல்லை, யாங்பான் என்ற மேல்குடிப் பெண்கள் மட்டும். அரசரின் யி குலத்துப் பெண்கள் விலக்கு. தேர்வு முடியும்வரை அந்தக் குடும்பங்களில் கல்யாணம் நடக்கக் கூடாது என்று தடை போட்டுவிடுவார்கள். சரி, உங்கள் கேள்விக்குப் பதில் முடிந்தது.

‘கொடுத்து வைத்தவள்’ என்றீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

இந்தத் தேர்வு முறை எப்படித் தொடங்கியது என்று சொல்லும் கதையே ஒரு தகப்பனின் மறுப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1417-ல் தேஜோங் மன்னர், பட்டத்து அரசி அல்லாத துணைவிக்குப் பிறந்த தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடினார். யி சோக் என்பவரின் மகனைக் கேட்டுத் தரகர் போனார். “வைக்கோல் செருப்புக்கு வைக்கோல் புரிதான் பொருத்தம்” என்று யி சோக் திருப்பி அனுப்பிவிட்டாராம். ராஜா வீட்டுச் சம்பந்தமே வேண்டாம் என்று சொன்ன மனிதர்! சொத்து பறிபோனது, அவரை அரசாங்க அடிமையாக்கினார்கள். அதற்கப்புறம் யாரும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பெண்ணின் பிறந்த நாள், நேரம், அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா, தாய்வழித் தாத்தா விவரங்களை எழுதி நீங்களே அனுப்புங்கள் என்று உத்தரவானது. பெண்ணை மறைத்தால் தண்டனை. தண்டனை என்று மிரட்டித்தான் பெண்களைச் சேர்க்க முடிந்தது என்றால், அது யாரும் வரிசையில் நின்று வாங்கிய அதிர்ஷ்டம் இல்லை.

மறைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1743-ல் பட்டத்து இளவரசர் சாதோவுக்குப் பெண் தேடினார்கள். ஹொங் போங்-ஹான் அப்போது ஏழைப் படிப்பாளி. “பெயரை அனுப்பாதே, உடுப்புச் செலவாவது மிஞ்சும்” என்று வேண்டியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பரம்பரையாக அரசாங்கச் சோறு தின்ற வீடு, ராஜாவை ஏமாற்றுவதா என்று அவர் அனுப்பினார். அந்த ஒன்பது வயதுப் பெண்தான் பிற்பாடு ஹேகியோங் சீமாட்டி. முதுமையில் அவரே எழுதிய நினைவுக் குறிப்பில் இதெல்லாம் இருக்கிறது. பாவாடைத் துணி, இறந்துபோன அக்காவின் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்தது. உள்துணி பழசு. மற்றதெல்லாம் கடன். முதல் சுற்றில் பெண்ணை ராஜாவுக்குப் பிடித்துப்போன செய்தி பரவியதும், அதுவரை எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்களும் நின்றுபோன வேலையாட்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அறுபது வயதிலும் அந்த அம்மா அதை மறக்கவில்லை.

கல்யாணக் கடனைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதும் போதெல்லாம் ‘ஊரோடு ஒத்துப்போக வேண்டாமா’ என்று கடிதம் வருகிறது. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை, தீரவும் விடமாட்டேன். முதல் பார்வைக்கே இறந்துபோன மகளின் கல்யாணத் துணியை வெட்டிய அந்தத் தாயை நினைத்துப் பார்த்துவிட்டு, எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அப்புறம் என்ன ஆனது? 1762-ல் சாதோவை அவர் அப்பா யோங்ஜோ மன்னரே அரிசிப் பெட்டிக்குள் அடைத்துச் சாகவிட்டார். 1776-ல் ஹேகியோங்கின் சொந்த மகன் அரியணை ஏறினான். ஹேகியோங்கின் சித்தப்பா ஹொங் இன்-ஹானுக்கு மரண தண்டனை. 1801-ல் தம்பி ஹொங் நாக்-இம்முக்கும் அதே கதி. சம்பந்திகளைக் கொல்வது அந்த வம்சத்துக்குப் புதிதும் இல்லை. மேலே சொன்ன தேஜோங் தன் மனைவியின் நான்கு தம்பிகளையும் தீர்த்தவர். மகன் சேஜோங்குக்குப் பட்டம் கட்டிய கையோடு, அவருடைய மாமனார் ஷிம் ஓனையும் விடவில்லை. பெண் வீட்டார் தலையெடுத்தால் அரியணை ஆடும் என்ற பயம். சீரியலில் அரசி அழுவதைக் காட்டுகிறார்கள். அவள் அப்பா எப்படிச் செத்தார் என்பதை ஒரு வசனத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் கோபமே உண்டு.

1801-ல் ஹேகியோங்கின் பேரன் பாலகனாக அரியணையில் இருக்க, ஆட்சியை நடத்தியவர் முதிய அரசி ஜோங்சுன். அவரும் இதே தேர்வில் வந்தவர்தான். 1759-ல் மணந்தபோது யோங்ஜோவுக்கு 66 வயது, பெண்ணுக்கு 15 (பிறந்ததுமே ஒரு வயது என்பது கொரியக் கணக்கு). மருமகள் ஹேகியோங்கை விட மாமியார் பத்து வயது இளையவர்! தேர்வில் எந்தப் பூ சிறந்தது என்று கேட்டதற்கு, ஊருக்கே துணி தரும் பருத்திப் பூ என்று இந்தப் பெண் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதையாகவே இருக்கட்டும், எனக்குப் பிடித்த பதில்.

அந்தக் கல்யாணத்தின் ஊர்வலம் முழுவதும் படமாக இருக்கிறது. அரச விழாக்களுக்கு ‘உயிக்வே’ என்று ஏடு எழுதி வைப்பார்கள். என்ன பொருள், எவ்வளவு விலை, வேலை செய்த கைவினைஞர் பெயர் எல்லாம் வரும். தச்சரின் பெயரை எழுதிய நாட்டில், மணப்பெண்ணுக்குப் பெற்றோர் வைத்த பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஜோங்சுன் என்பது இறந்தபின் சூட்டிய பட்டம். ஹேகியோங்கும் இயற்பெயர் அல்ல.

உயிக்வே என்றதும் இன்னொன்று. 1866-ல் பிரெஞ்சுக் கடற்படை கங்ஹ்வா தீவில் இருந்த அரச நூலகத்தைச் சூறையாடி, இந்த ஏடுகளைப் பாரிசுக்கு அள்ளிக்கொண்டு போனது. 1993-ல் கொரியாவுக்கு அதிவேக ரயில் விற்கும் பேச்சு நடந்தபோது பிரெஞ்சு அதிபர் மித்தரான் ஒரே ஒரு தொகுதியைக் கொண்டுவந்து கொடுத்தார். 2011-ல் மீதி 296 தொகுதிகளும் தென் கொரியத் தலைநகர் சோலுக்கு வந்து சேர்ந்தன, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கடனாக. திருடியவன் இரவல் கொடுக்கிறான்! அடுத்த இதழுக்கு யாராவது இதைக் கேளுங்கள், முழுப் பக்கம் எழுதுகிறேன்.